ஆட்சி மாறினால் காலநிலைக் கொள்கை என்ன ஆகும்?

நீங்கள் கேட்டது இதுதான்: உங்கள் நாட்டில் அடுத்த ஆண்டு தேசியத் தேர்தல். ஆட்சிக்கு வந்தால் காலநிலைச் சட்டங்களை ரத்து செய்வோம் என்று ஒரு கட்சி சொல்கிறது. அது ஜெயித்துவிட்டால் பத்தாண்டு உழைப்பும் வீணாகிவிடுமா? அல்லது, சூரிய மின்சாரம்தான் மலிவாகிவிட்டதே, யார் வந்தாலும் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்குமா? கேள்வியை இரண்டு முறை படித்தேன். அதற்குள் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருப்பதாகத் தோன்றியது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்து வாக்களிப்பதில் பயன் உண்டா என்பதே அது. இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

காற்றாலை, சூரிய மின் நிலையத் திட்டங்களுக்குக் கடன் கொடுக்கும் முன், அதில் என்னென்ன ஆபத்துகள் உண்டு என்று மதிப்பிட்டுச் சொல்வது பதினேழு ஆண்டுகளாக என் வேலை. பல நாடுகளின் கோப்புகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ‘அரசு மாறினால் என்ன ஆகும்’ என்பதற்குச் சில பக்கங்கள் ஒதுக்கியே ஆக வேண்டும். ஆகவே நீங்கள் கேட்பது எனக்கு அன்றாடக் கேள்வி. ஆனால் நான் அருகிலிருந்து பார்த்தது மின்துறையை மட்டும். விவசாயம், சிமென்ட், கப்பல் போக்குவரத்து பற்றியெல்லாம் வாசித்து அறிந்ததுதான். அந்த வரம்பை மனதில் வைத்துப் படியுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால், ஏற்கெனவே கட்டி முடித்து ஓடிக்கொண்டிருப்பதைத் தேர்தலால் அவ்வளவு எளிதில் இடிக்க முடியாது. இனிமேல் கட்ட வேண்டியதைத் தடுக்க முடியும், அதுவும் எந்தச் சட்டத்தையும் தொடாமலே. நீங்கள் கவலைப்பட வேண்டியது இந்த இரண்டாவதைப் பற்றித்தான்.

எது உடனே மாறும் என்பதில் சந்தேகமே இல்லை. ஒருவரின் கையெழுத்தால் வந்தது இன்னொருவரின் கையெழுத்தால் போகும். அமெரிக்காவும் பாரிஸ் காலநிலை ஒப்பந்தமும் இதற்குக் கண்கூடான சாட்சி. விலக விரும்பும் நாடு, ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் கடிதம் கொடுக்கலாம், அதன் பிறகும் ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்று அதில் ஒரு விதி உண்டு. ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது 2016 நவம்பர் 4. டிரம்ப் விலகலை அறிவித்தது 2017 ஜூனில். ஆனாலும் விதிப்படி அமெரிக்கா வெளியேறியது 2020 நவம்பர் 4 அன்று, அதாவது அடுத்த அதிபர் தேர்தலுக்கு மறுநாள். அந்தத் தேர்தலில் ஜெயித்த பைடன் 2021 பிப்ரவரியில் மீண்டும் இணைத்துவிட்டார். முதல் முறை காலக்கெடு விதி ஒரு தடுப்புச் சுவராக நின்றது. 2025 ஜனவரியில் இரண்டாம் முறை விலகியபோது அந்த மூன்றாண்டுத் தடை எப்போதோ முடிந்திருந்தது. ஓராண்டுக் காத்திருப்பு மட்டும்தான். ஒரே ஒப்பந்தம், ஒரே தலைவர், ஆனால் பாதுகாப்பு முதல் முறை இருந்த அளவுக்கு இல்லை.

காடு விஷயத்தில் மாற்றம் இன்னும் வேகமாகத் தெரியும். பிரேசிலின் அமேசான் பகுதியில் 2004-ல் ஓராண்டில் அழிக்கப்பட்ட காடு ஏறத்தாழ 27,800 சதுர கிலோமீட்டர். அதிபர் லூலாவின் முதல் ஆட்சிக்காலத்தில் கண்காணிப்பு இறுகியது. 2012-ல் அது 4,600-க்கும் கீழே இறங்கியது. போல்சனாரோ ஆட்சியில், 2021-ல், 13,000-ஐத் தாண்டியது. 2022 அக்டோபர் இறுதியில் லூலா 50.9 சதவீத வாக்குகளுடன் மயிரிழையில் ஜெயித்தார். 2024 கணக்கில் அது 6,300 சதுர கிலோமீட்டருக்கு இறங்கிவிட்டது. 2012-க்குப் பிந்தைய இந்த ஏற்ற இறக்கத்துக்கு நடுவில் காட்டுச் சட்டம் பெரிதாக மாறிவிடவில்லை. செயற்கைக்கோள் படத்தில் மரம் வெட்டிய இடம் தெரிந்தால் அங்கே ஆய்வாளர் போகிறாரா, அபராதம் போடுகிறாரா, அந்த நிலத்தின் விளைச்சலை விற்க விடாமல் தடுக்கிறாரா, இவ்வளவுதான் வித்தியாசம். 2019-ல் காடழிப்பு எண்களை வெளியிட்ட விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் இயக்குநரே பதவியிலிருந்து நீக்கப்பட்டார். எண்ணைச் சொன்னவரை அனுப்பிவிட்டால் காட்டுக்குள் இயந்திரத்தோடு நிற்பவனுக்கு அது என்ன செய்தியாகப் போய்ச் சேரும் என்று யோசித்துப் பாருங்கள்.

பிரேசிலை வெறும் வெற்றிக் கதையாகவும் சொல்லக் கூடாது. 2024-ன் கடும் வறட்சியில் வெட்டப்படாத காடும் பெருமளவில் எரிந்தது. அதே வாக்காளர்கள் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றம் சுற்றுச்சூழல் அனுமதி விதிகளைத் தளர்த்தி 2025-ல் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. லூலா அதன் பல பிரிவுகளை நிராகரித்தார். அந்த நிராகரிப்புகளில் பெரும்பாலானவற்றை நாடாளுமன்றம் செல்லாததாக்கிவிட்டது. தேசியத் தேர்தல் என்றதும் உச்சிப் பதவியை மட்டுமே பார்க்கிறோம். அதே நாளில், அதே வரிசையில் நின்று நிரப்புகிற மற்ற இருக்கைகளையும் பார்க்க வேண்டும்.

இனி மறுபக்கம். ‘நிலக்கரியைக் காப்பாற்றுவேன்’ என்று வாக்குறுதி தந்து 2016-ல் டிரம்ப் ஜெயித்தார். அந்த ஆண்டு அமெரிக்க மின்சாரத்தில் நிலக்கரியின் பங்கு சுமார் 30 சதவீதம். அவர் பதவியில் இருந்த 2020-ல் அது 20 சதவீதத்துக்கும் கீழே. மலிவான எரிவாயுவும் பழைய உலைகளின் பராமரிப்புச் செலவும் சேர்ந்து அந்த நிலையங்களை மூடின. தேர்தல் முடிவு அவற்றைத் திறந்து வைக்கவில்லை. காற்றாலை மின்சாரத்தில் அமெரிக்காவில் முதலிடம் டெக்சாஸுக்கு. புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கு அங்கே இலக்கு வைத்த சட்டம் 1999-ல், ஜார்ஜ் புஷ் ஆளுநராக இருந்தபோது வந்தது. குடியரசுக் கட்சியின் கோட்டை அது. காற்றாலைக்கு நிலம் கொடுத்து வாடகை வாங்கும் பண்ணைக்காரரும், அந்தச் சொத்துவரியில் ஓடும் பள்ளிக்கூடமும் இருக்கும் மாவட்டத்தில் கட்சிக் கொள்கை கொஞ்சம் தள்ளித்தான் நிற்கும்.

பிரிட்டனில் 2012-ல் மின்சாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு நிலக்கரியிலிருந்து வந்தது. கடைசி நிலக்கரி மின் நிலையமான ராட்கிளிஃப் 2024 செப்டம்பர் 30 அன்று நின்றது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் கேமரன், மே, ஜான்சன், டிரஸ், சுனக், ஸ்டார்மர் என்று ஆறு பிரதமர்கள். 2008-ல் வந்த காலநிலை மாற்றச் சட்டம் ஆளும் கட்சி, எதிர்க்கட்சி இரண்டின் ஆதரவோடும் நிறைவேறியது; எதிர்த்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஐந்தைந்து ஆண்டுகளுக்கு உமிழ்வு வரம்பு, அதைப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே நிர்ணயிப்பது, சரிபார்க்கத் தனிக் குழு என்று அதன் கட்டமைப்பே ஒரு தேர்தலைத் தாண்டி நிற்கும்படி யோசித்து எழுதப்பட்டது.

அப்படியானால் நல்ல சட்டம் ஒன்று போதுமே என்று தோன்றும். அதே பிரிட்டனில், அதே சட்டம் அமலில் இருக்கும்போதே, என்ன நடந்தது என்று சொல்கிறேன். 2015 மே தேர்தலில் கேமரனின் கட்சி தனிப் பெரும்பான்மை பெற்றது. ஜூனில் அமைச்சரின் அறிக்கை ஒன்று வந்தது. இங்கிலாந்தில் நிலத்தில் காற்றாலை அமைக்க வேண்டுமானால் உள்ளூர் மக்கள் எழுப்பிய ஆட்சேபங்கள் எல்லாம் தீர்க்கப்பட்டிருக்க வேண்டும் என்றது அது. பிறகு அது திட்டமிடல் வழிகாட்டியில் ஓர் அடிக்குறிப்பாகவே நுழைந்தது. ஆம், பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் அச்சிடும் அடிக்குறிப்பு! இங்கிலாந்தில் நிலத்தில் புதிய காற்றாலை ஏறக்குறைய நின்றே போனது. காலநிலைச் சட்டத்தில் ஒரு காற்புள்ளி மாறவில்லை. 2019-ல் நிகர பூஜ்ஜிய இலக்கைக்கூட, அதாவது வெளியிடும் வாயுவும் உறிஞ்சப்படும் வாயுவும் சமமாக வேண்டும் என்பதைக்கூட, அதே கட்சியின் அரசுதான் சட்டமாக்கியது. 2024 ஜூலை 4 தேர்தலில் ஆட்சி மாறியது. நான்கே நாளில் அந்தத் தடை நீக்கப்பட்டது. நடுவில் போனவை ஒன்பது ஆண்டுகள்.

கட்சிகளின் தேர்தல் அறிக்கையில் 2050, 2060 என்று இலக்கு ஆண்டுகளைப் பார்த்து நான் பெரிதாக மகிழ்வதுமில்லை, பதறுவதுமில்லை என்பதற்கு இதுதான் காரணம். அனுமதி யார் தருகிறார், எத்தனை மாதத்தில் தருகிறார், யார் எதிர்த்தால் நிற்கும் என்பதையே முதலில் தேடிப் பார்ப்பேன்.

இப்போது என் தொழிலுக்கு மிக நெருக்கமான இடத்துக்கு வருகிறேன். எரிவாயு மின் நிலையத்தின் வாழ்நாள் செலவில் பெரும்பகுதி எரிபொருளுக்கு. காற்றாலைக்கும் சூரிய மின் நிலையத்துக்கும் எரிபொருள் செலவு கிடையாது; ஏறக்குறைய மொத்தப் பணத்தையும் முதல் நாளே கொட்ட வேண்டும். ஆகவே அவற்றின் மின்சாரம் என்ன விலைக்கு வரும் என்பதை வெயிலையும் காற்றையும் போலவே வட்டியும் தீர்மானிக்கிறது. நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முதலீடு 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 ஆண்டுகளில் சம தவணையாக அடைக்க வேண்டும். வட்டி 5 சதவீதம் என்றால் ஆண்டுத் தவணை சுமார் 7.1. வட்டி 8 சதவீதம் ஆனால் அது சுமார் 9.4. வெயில் அதே வெயில், தகடு அதே தகடு, ஆனால் தவணை மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. அந்த மூன்று சதவீதம் எங்கிருந்து வரும்? நாட்டின் பணவீக்கம், நாணய மதிப்பு எல்லாம் உண்டு. அவற்றோடு, என்னைப் போன்ற ஒருவர் ‘அடுத்த அரசு இந்த ஒப்பந்தத்தை மதிக்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை’ என்று எழுதும் ஒற்றை வரியிலிருந்தும் வரும்.

ஒரு திட்டத்தை நான் மறக்கவே மாட்டேன். நாட்டையும் நிறுவனத்தையும் சொல்லப் போவதில்லை. நடுத்தர அளவுக் காற்றாலைத் திட்டம். நிலம் கையில், காற்று அளவீடு மூன்றாண்டுக்கு, மின்கட்டமைப்பில் இணைக்க இடம் ஒதுக்கியாகிவிட்டது. கடன் ஒப்பந்தத்தில் ‘சட்ட மாற்றம்’ என்று ஒரு பிரிவு இருக்கும்: புதிய சட்டத்தால் வருமானம் குறைந்தால் அந்த நஷ்டம் மின்சாரம் வாங்குபவருக்கா, திட்டக்காரருக்கா, கடன் கொடுத்தவருக்கா? அந்த ஒன்றரைப் பக்கத்துக்காக ஆறு வாரம் பேசினோம். தேர்தலுக்கு நான்கு மாதம் இருந்தது. முன்னணியில் இருந்த கட்சி, காற்றாலை ஒப்பந்தங்களை ‘மறுபரிசீலனை செய்வோம்’ என்று மேடைதோறும் பேசிக்கொண்டிருந்தது. முடிவு வரும் வரை காத்திருக்கலாம் என்று குறிப்பு எழுதினேன், குழுவும் ஏற்றுக்கொண்டது. அந்தக் கட்சி ஜெயித்தது. ஒரு ஒப்பந்தத்தையும் தொடவில்லை. ஆனால் அதற்குள் காற்றாலை விற்பவர் தந்த விலைக் கெடு முடிந்து, புது விலை ஏறியிருந்தது. மின்கட்டமைப்பில் எங்களுக்கு இருந்த இடம் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விட்டது. முதல் காற்றாலை சுழல இரண்டரை ஆண்டு தாமதம். அந்த இரண்டரை ஆண்டும் அந்த மின்சாரத்தை ஒரு பழைய அனல்மின் நிலையம்தான் கொடுத்தது. யாரும் எந்தச் சட்டத்தையும் ரத்து செய்யவில்லை. மேடையில் பேசிய ஒரு வார்த்தையும் என் குறிப்பும் போதுமானதாக இருந்தது. அன்று எனக்குத் தெரிந்ததை வைத்து அதையேதான் இன்றும் எழுதுவேன் என்று நினைக்கிறேன். ஆனாலும் அது என்னை உறுத்துகிறது.

கரியமில வாயு விஷயத்தில் தாமதம் என்பது வெறும் தாமதம் இல்லை. இன்று புகைபோக்கியிலிருந்து போனதில் ஒரு பெரும் பங்கு நூற்றாண்டுகள் வளிமண்டலத்தில் இருக்கும். அடுத்த அரசு வேகமாக ஓடி விட்ட இடத்தைப் பிடித்தாலும், நடுவில் சேர்ந்தது சேர்ந்ததுதான். நான்கைந்து ஆண்டுகளில் கல்வியில், சாலையில் விட்டதைக் கூடுதல் செலவு செய்து ஓரளவு ஈடு கட்டலாம். இதில் அந்த வசதி கிடையாது.

ஓடிக்கொண்டிருப்பதை இடிக்க முடியாது என்றேன். பாதி கட்டியதை? 2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் கடற்கரைக்கு அப்பால் ‘ரெவல்யூஷன் விண்ட்’ என்ற கடல் காற்றாலைத் திட்டத்தை நிறுத்தும்படி அரசு உத்தரவிட்டது. எல்லா அனுமதியும் பெற்று, 80 சதவீத வேலை முடிந்த திட்டம். ஒரு மாதம் கழித்து நீதிமன்றம் வேலையைத் தொடர அனுமதித்தது. திட்டம் பிழைத்தது, ஆனால் ‘அனுமதி வாங்கிவிட்டால் கவலையில்லை’ என்று எங்கள் தொழிலில் இருந்த நம்பிக்கைக்கு விழுந்த அடி ஆறவில்லை. அது இனி வரும் திட்டங்களின் வட்டியில் ஏறும்.

இன்னொரு நம்பிக்கையும் என்னிடம் இருந்தது. அதைத் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. 2022 ஆகஸ்டில் பைடன் கையெழுத்திட்ட பணவீக்கக் குறைப்புச் சட்டம் (பெயர் எப்படியிருந்தாலும், தூய எரிசக்திக்கு வரிச் சலுகை தந்த சட்டம் அது) செனட்டில் 51-50 என்று துணை அதிபரின் வாக்கால்தான் தேறியது. ஆனால் அதன் வரிச் சலுகைகளால் வந்த தொழிற்சாலைகளில் பெரும்பகுதி எதிர்க்கட்சியின் தொகுதிகளில் அமைந்தது. சொந்தத் தொகுதியில் தொழிற்சாலையை வைத்துக்கொண்டு யார் அதன் அடிமடியில் கை வைப்பார் என்று நானும் நினைத்தேன், என் துறையில் பலரும் நினைத்தார்கள். 2024-ல் குடியரசுக் கட்சியின் 18 உறுப்பினர்கள் சலுகைகளை முழுதாக நீக்க வேண்டாம் என்று அவைத் தலைவருக்குக் கடிதம்கூட எழுதினார்கள். 2025 ஜூலையில் சலுகைகளை வெட்டும் சட்டம் கீழவையில் இறுதி வாக்கெடுப்புக்கு வந்தபோது அந்தக் கட்சியிலிருந்து எதிர்த்தவர்கள் இருவரே. காற்றாலைக்கும் சூரிய மின்சாரத்துக்கும் இருந்த சலுகை விரைவில் முடியும்படி கெடு வைக்கப்பட்டது. மின்வாகனம் வாங்குவோருக்கான 7,500 டாலர் சலுகை அந்த ஆண்டு செப்டம்பரோடு நின்றது. மின்கலச் சேமிப்புக்கும் அணுமின்சாரத்துக்கும் இருந்தவை பெரும்பாலும் தப்பின. ஆகவே பயனாளிகள் இருந்தால் பாதுகாப்பு உண்டு என்பது முழுப் பொய்யில்லை. ஆனால் அந்தப் பாதுகாப்பு வேரூன்ற மூன்றாண்டு போதவில்லை. கட்டி முடிந்த தொழிற்சாலையின் தொழிலாளி குரல் கொடுப்பார். அறிவிப்புப் பலகை மட்டும் நிற்கும் இடத்திலிருந்து யார் குரல் கொடுப்பார்?

ஆஸ்திரேலியாவை இதோடு வைத்துப் பாருங்கள். 2012 ஜூலையில், வெளியிடும் கரியமில வாயு டன்னுக்கு 23 ஆஸ்திரேலிய டாலர் கட்ட வேண்டும் என்று கார்பன் விலை வந்தது. ‘இந்த வரியை ஒழிப்பேன்’ என்று பிரசாரம் செய்த டோனி அபாட் 2013 செப்டம்பரில் ஜெயித்தார். 2014 ஜூலையில் அது ஒழிந்தது. இரண்டே ஆண்டு ஆயுள். ஆனால் அதே காலத்தில் உருவான 1,000 கோடி டாலர் தூய எரிசக்தி நிதிக் கழகத்தையும் மூட அவர் முயன்றார், செனட்டில் முடியவில்லை. அது கடன் கொடுத்து வட்டியோடு திரும்பப் பெறும் அமைப்பு, இன்றும் இயங்குகிறது. ஒன்று மின்கட்டணச் சீட்டில் செலவாகத் தெரிந்தது, மற்றது யார் கண்ணையும் உறுத்தாமல் பணம் ஈட்டியது.

செலவு கண்ணில் படுவதும் பயன் கண்ணில் படாததும் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் கனடாவைவிட நல்ல உதாரணம் இல்லை. அங்கே எரிபொருள் மீதான கார்பன் கட்டணம் 2019-ல் டன்னுக்கு 20 டாலரில் தொடங்கி 2024-ல் 80 ஆனது. வசூலில் பெரும்பகுதி குடும்பங்களுக்கே திரும்பியது. பெரும்பாலான குடும்பங்கள் கட்டியதைவிட அதிகம் பெற்றன. ஆனால் கட்டணத்தைப் பெட்ரோல் பங்க்கில் ஒவ்வொரு முறையும் மக்கள் உணர்ந்தார்கள். திரும்பி வந்த பணமோ முதலில் ஆண்டு வருமான வரிக் கணக்குக்குள் மறைந்திருந்தது. 2022-லிருந்துதான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் விழுந்தது. அது எதற்கான பணம் என்று பெயரிலேயே தெரியும்படி மாற்ற 2024 வரை ஆனது. 2025 மார்ச்சில் மார்க் கார்னி பிரதமரான அன்றே மக்கள் மீதான அந்தக் கட்டணத்தை நீக்கக் கையெழுத்திட்டார். தேர்தல் நடந்தது அதற்குப் பிறகு, ஏப்ரல் 28-ல். கொண்டு வந்த கட்சியே, வாக்குப்பதிவுக்கு முன்பே, தன் கையால் எடுத்துவிட்டது. தொழிற்சாலைகள் மீதான கார்பன் விலையை மட்டும் விட்டுவைத்தார்கள்.

தேர்தலின் பாதிப்பு முடிவு வந்த பிறகுதான் தொடங்கும் என்று நினைப்பது தவறு என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். 2023 ஜூலையில் லண்டனின் அக்ஸ்பிரிட்ஜ் தொகுதி இடைத்தேர்தலில், பழைய வாகனங்களுக்கான நகரக் கட்டணத்தை எதிர்த்துப் போட்டியிட்ட கட்சி 495 வாக்குகளில் ஜெயித்தது. இரண்டு மாதத்தில் அந்தக் கட்சியின் பிரதமர் சுனக், புதிய பெட்ரோல் கார் விற்பனைக்கான தடையை 2030-லிருந்து 2035-க்குத் தள்ளிவைத்தார். இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்த்தவர்கள் ஏராளம். நானும் அவர்களில் ஒருவன். அடுத்த ஆண்டு வந்த அரசு மீண்டும் 2030 என்றது. நடுவில் மாட்டிக்கொண்ட கார் தொழிற்சாலைகள் எந்த ஆண்டை நம்பி இயந்திரம் வாங்கியிருக்கும்?

உறுதியாகச் சொல்ல முடியாதவற்றுக்கு வருகிறேன். காலநிலைக் கொள்கையைக் கையில் எடுத்தால் தேர்தலில் தோற்போமா? இதற்கு ஒரே பதில் சொல்பவர்களை நம்பாதீர்கள். ஆஸ்திரேலியாவின் 2013 முடிவை ‘கார்பன் வரிக்கு விழுந்த தண்டனை’ என்பார்கள். ஆனால் ஆளும் கட்சி அப்போது உட்கட்சிச் சண்டையில் தேர்தலுக்குச் சில மாதம் முன்பு பிரதமரையே மாற்றியிருந்தது. 2019-ல் காலநிலையை முன்வைத்த எதிர்க்கட்சி, எல்லோரும் எதிர்பார்த்ததற்கு மாறாக, தோற்றது. 2022-ல் அதே கட்சி ஜெயித்தது. வசதியான நகரத் தொகுதிகளில் காலநிலையையே முக்கியப் பிரச்சினையாக்கிய சுயேச்சைகளும் ஜெயித்தார்கள். ஒரே நாடு, ஒரே பிரச்சினை, மூன்று தேர்தலில் மூன்று விதமான பாடம். பெரும்பாலான வாக்காளர்கள் விலைவாசியையும் வேலையையும் பார்த்துத்தான் வாக்களிக்கிறார்கள், காலநிலை அந்தக் கணக்கின் ஒரு பகுதியாகவே உள்ளே வருகிறது என்பது என் கணிப்பு. கணிப்புதான், நிரூபணம் அல்ல.

தேர்தலே எல்லாம் என்றும் சொல்லிவிட முடியாது. அணுமின் நிலையங்களின் ஆயுளை 2010-ல் நீட்டித்த ஜெர்மனியின் மெர்க்கெல் அரசு, ஃபுகுஷிமா விபத்துக்குப் பிறகு 2011-ல் அதையே தலைகீழாக்கியது. நடுவில் நாடாளுமன்றத் தேர்தல் எதுவும் இல்லை. 2021-ல் அந்நாட்டின் அரசியல் சட்ட நீதிமன்றம், காலநிலைச் சட்டம் சுமையை வருங்காலத் தலைமுறை மீது தள்ளுகிறது என்று சொன்னதும் அதே அரசு இலக்கை 2045-க்கு முன்னே கொண்டுவந்தது. இந்தியாவில் 2010-ல் ஒரு கூட்டணி அரசு 2022-க்குள் 20 ஜிகாவாட் என்று சூரிய மின் திட்டம் தொடங்கியது. 2014-ல் ஆட்சி மாறியது. புதிய அரசு 2015-ல் அந்த இலக்கை 100 ஆக உயர்த்தியது. வேறு எத்தனையோ விஷயங்களில் மோதிக்கொண்ட கட்சிகள் அவை. எரிபொருள் இறக்குமதிச் செலவு, மின்பற்றாக்குறை, மலிவான தகடு என்று காலநிலை அல்லாத காரணங்கள் அங்கே கொள்கையைத் தாங்கிப் பிடித்தன. அந்தத் தகடுகளை உலகுக்கே மலிவாக்கிய சீனாவில் கட்சிகள் மாறி மாறி வரும் தேர்தலே கிடையாது. உங்கள் நாட்டுத் தேர்தல் உலகின் வெப்பநிலையைத் தனியாகத் தீர்மானிக்காது. உங்கள் நாட்டின் மின்கம்பியில் அடுத்த இருபது ஆண்டு என்ன ஓடும் என்பதைப் பெருமளவு தீர்மானிக்கும்.

ஆகவே ‘யார் வந்தாலும் சந்தை பார்த்துக்கொள்ளும்’ என்பதில் பாதி உண்மை. தகட்டைச் சந்தை மலிவாக்கும். அதிலிருந்து வரும் மின்சாரத்தை ஊருக்குக் கொண்டுபோகும் உயரழுத்த மின்தடத்துக்கு நிலம் எடுப்பதும் அனுமதி கொடுப்பதும் அரசின் வேலை. பல நாடுகளில் இன்று திட்டங்கள் பணமில்லாமல் நிற்பதைவிட மின்கட்டமைப்பில் இணைப்புக் கிடைக்காமல் நிற்பது அதிகம். தடம் போட ஐந்து முதல் பத்தாண்டு எளிதாக ஆகிவிடும், அதாவது இரண்டு தேர்தல். முதல் அரசு அடிக்கல் நாட்டி, இரண்டாவது அரசு கிடப்பில் போட்டால், மலிவான தகடு பாலைவனத்தில் வெயில் காய வேண்டியதுதான்.

இப்போது உங்கள் நிலைமை. அந்தக் கட்சி ரத்து செய்வதாகச் சொல்வது சட்டத்தையா, அமைச்சக விதியையா, வெறும் அரசாணையையா என்று முதலில் பாருங்கள். அரசாணை என்றால் முதல் வாரத்திலேயே போய்விடும். விதி என்றால் ஓராண்டு இரண்டாண்டு, வழக்கோடு சேர்த்து. சட்டம் என்றால் மேலவையில் எண்ணிக்கை இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. ஆகவே அந்த இருக்கைகளுக்கான போட்டியையும் கவனியுங்கள். அடுத்து, சட்டத்தைத் தொட மாட்டோம் என்று சொல்லும் கட்சியையும் அப்படியே விட்டுவிடாதீர்கள். உங்கள் தொகுதி வேட்பாளர்கள் வாக்குக் கேட்டு வரும்போது இலக்கு ஆண்டைக் கேட்க வேண்டாம். எல்லோரும் ஓர் ஆண்டைச் சொல்லிவிடுவார்கள். வரிசையில் காத்திருக்கும் மின் இணைப்பு விண்ணப்பங்களை எத்தனை மாதத்தில் முடிப்பீர்கள், மின்தட அனுமதிக்கு எத்தனை அதிகாரிகளை நியமிப்பீர்கள், கையெழுத்தான ஒப்பந்தங்களை மதிப்போம் என்று எழுத்தில் தருவீர்களா என்று கேளுங்கள். அந்த மூன்றாவது பதில் வாக்குப்பதிவுக்கு முன்பே பகிரங்கமாக வந்துவிட்டால், எங்கோ ஒரு மேசையில் என்னைப் போன்ற ஒருவர் ‘முடிவு வரும் வரை காத்திருக்கலாம்’ என்று எழுதாமல் இருப்பதற்கு அது போதும். தேர்தல் தேதி அறிவிக்கும் முன்பே கேட்பது நல்லது. அந்தக் குறிப்புகள் பெரும்பாலும் நான்கைந்து மாதம் முன்பே எழுதப்பட்டுவிடும்.